வசந்தாமணி வீட்டுச் செவ்வரளி

மூன்றாவது தடவையும் சிவப்புதான் வந்தது.

முருகன் சன்னதியில் இரண்டு பொட்டணம் வைப்பார் பூசாரி. ஒன்றில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் கல்யாணம் பேசலாம். சிவப்பு வந்தால் வேறு வரன் பார்க்க வேண்டும். மகள் நர்மதாவுக்கு வந்த மூன்று வரனும் சிவப்பிலேயே போயிற்றே என்று வசந்தாமணிக்கு ஆற்றமாட்டாத ஆத்திரம்.

"வாசல்ல அரளியை வெச்சுக்கிட்டு வரன் தேடுனா எப்படிங்கக்கா?" என்றாள் எதிர்வீட்டு சாரதாமணி.

அது வசந்தாமணி தன் கையால் நட்ட செவ்வரளி. நாமக்கல் வெயிலுக்கும் போர்த் தண்ணி உப்புக்கும் ரோஜா கருகிற்று, மல்லிகை செத்தது. அரளி மட்டும் இலை உதிர்க்காமல், தெருவே மணக்கப் பூத்தது.

"ஏனுங்க, அதை வெட்டிப்போடுங்க!"

புருஷன் குமாரசாமி அடியோடு வெட்டினார். ரெண்டே மாதத்தில் ஒரு கிளைக்குப் பத்துக் கிளை, அத்தனையிலும் பூ.

தண்ணியை நிறுத்தினார்கள். இன்னும் கொத்துக் கொத்தாகப் பூத்தது.

சாரதாமணியின் ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார். அது செடியை மோந்து பார்த்துவிட்டு, கொடியில் காய்ந்த அவருடைய புது வேட்டியைத் தின்றது.

"செடியை ஒழிக்கச் சொன்னா, ஆட்டுக்கு விருந்து வெக்கிறீங்களா?"

"நான் என்ன புள்ள பண்றது? நீ நட்டது, உன்னையாட்டமே மசிய மாட்டேங்குது."

நாலாவதாகப் பரமத்தி வேலூர் வரன் வந்தது. பையன் கௌதமன், வெத்தலைக் கொடிக்கால் வைத்திருந்தான். "எனக்கு இவரைப் புடிச்சிருக்குதும்மா" என்று முதல்முறையாக வாய் திறந்தாள் நர்மதா.

பூக் கேட்கப் போகும் அன்று விடிந்ததும் வசந்தாமணி செடியிடம் போய் நின்றாள். "நீ இருந்து தொலை. எம்புள்ளைக்கு மட்டும் வழி உடு."

கோயிலில் குழந்தை எடுத்தது. பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

நர்மதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வசந்தாமணி படியில் பொத்தென்று உட்கார்ந்து, "இன்னைக்கே அந்தச் செடியை வேரோட கொளுத்தறேன்!" என்று குமுறினாள்.

பொட்டணம் கட்டித் தரும் பூசாரி சம்சாரம் கண்ணாத்தாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, அப்படிப் பண்ணிப்போடாதீங்கக்கா! கோயில் வெள்ளரளி போன கோடையிலயே கருகிப்போச்சுங்க. உங்க செவுத்துக்கு வெளிய தொங்கறதைப் பறிச்சுத்தான் ரெண்டு பொட்டணமும் கட்டறேன்!"