உயிருள்ள புழுவுக்கு இருபது மதிப்பெண்

மொட்டைமாடியில் வைத்திருந்த ஒன்பது தேங்காய்ச் சிரட்டைகளும் கவிழ்ந்து கிடந்தன.

"வெங்கிடேஷ்! இதையெல்லாம் யாரு கவுத்தா?"

கணவன் பெருமையோடு மேலே வந்தான். "நான்தான் ஸுப்ரியா. எல்லாத்துலயும் புழு நெளிஞ்சிண்டிருந்தது. பதினோரு வருஷமா நீ சொல்றதைக் கேட்டு எனக்கும் கொஞ்சம் வெவரம் வந்திருக்காக்கும்."

"அது பரீட்சைக்குன்னு நான் வளர்த்ததுன்னா!"

மூத்த சுகாதாரக் கல்வியாளர் பதவிக்கான எழுத்துத் தேர்வில் அவள் தேறிவிட்டாள். நாளைக் காலை செய்முறைத் தேர்வு. கொச்சி மட்டாஞ்சேரியில் அவள் வேலை பார்க்கும் சந்தில், தமிழ்க் குடும்பங்களைக் கூட்டி டெங்குவைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி இருந்தது: உயிருள்ள கொசுப்புழுவைக் காட்டுதல், இருபது. ஏற்கெனவே இரண்டு முறை கைநழுவிப் போன பதவி. அடுத்த முறைக்குள் வயது வரம்பு தாண்டிவிடும்.

காலிக் குப்பியுடன் சுள்ளிக்கல் வீட்டிலிருந்து அந்தச் சந்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

சந்துமுனையில் வழக்கம்போல யாரோ ஆட்டைக் கூப்பிட்டார்கள். "மணிக்குட்டீ... மணிக்குட்டீ..." அந்த ஆட்டை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தக் குரல் கேட்டால்தான் வேலைக்கு வந்த மாதிரி இருக்கும்.

முதல் வீட்டில் குடம் காய்ந்து கிடந்தது. இரண்டாவது வீட்டு முற்றத்தில் பக்கெட் இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும். கழுவித் துடைத்திருக்கிறார்கள், பாவம். சந்தோஷப்பட வேண்டிய காட்சிதான். அவள் மனமோ ஒவ்வொரு வாசலிலும் சுருங்கியது. யாராவது ஒருவர் கொஞ்சம் அலட்சியமாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

"மாரி, உண்மையைச் சொல்லு. உங்க வீட்டுல கொசுப்புழு இருக்கா?"

அரிசிக் கிடங்கில் சாக்கு தைக்கும் சந்தனமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "புழுவா? நம்ம வீட்லயா? குலசாமி சத்தியமா இல்ல மேடம்."

"இருந்தா நல்லதுதான். ஃபைன் போட வரலை. எனக்கு வேணும்."

"வேணுமா?"

சந்தனமாரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். "ஏட்டி மகா, அந்த பிளீச்சிங் பவுடரை எடுத்துட்டு வா!"

கால் மணி நேரத்தில் சந்து முழுக்க நெடி. சாக்கடைப் புழுக்கள்கூடப் பிழைத்திருக்காது.

மறுநாள் காலை தேர்வாளர் சிவராமகிருஷ்ணனோடு அவள் சந்துக்குள் நுழைந்தபோதும் மணிக்குட்டியைக் கூப்பிட்டார்கள். பாடம் நன்றாகவே போனது. முடிந்ததும் அவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணையும் காணலையே?"

பஸ்ஸில் கொட்டிவிட்டது என்று சொல்லலாம். பொய்யை வீட்டிலேயே சொல்லிப் பழகி வந்திருந்தாள். வாய் திறந்தபோது வேறொன்று வந்தது.

"கிடைக்கலை சார். நேத்து வீடு வீடாத் தேடினேன். இந்தச் சந்துல புழுவே இல்லை." கண் கலங்கியது.

கூட்டத்தில் நின்ற சந்தனமாரி மெல்ல நழுவினாள்.

சிவராமகிருஷ்ணன் நம்பவில்லை. டார்ச்சோடு ஒவ்வொரு வீடாக நுழைந்தார். திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு இடத்தைப் பார்த்ததில்லைம்மா. இவாளுக்கு எப்படிப் புரிய வெச்சேள்?"

"சொல்லிண்டே இருந்தேன் சார். அவ்வளவுதான்."

"இருபதுக்கு இருபது போடாட்டா எனக்குத் தூக்கம் வராது." பேனாவைத் திறந்தார்.

பதினோரு வருஷம் காற்றிலே பேசிக்கொண்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் ஸுப்ரியாவுக்கு எப்போதும் உண்டு. இன்று அது விட்டுப்போனது. காய்ந்த குடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அப்போது தண்ணீர் தளும்பும் பக்கெட்டோடு சந்தனமாரி மூச்சிரைக்க ஓடிவந்து, தேர்வாளரின் காலடியில் வைத்தாள்.

"அழாதீங்க மேடம், பரீட்சைக்குன்னு நேத்தே சொல்லியிருக்கலாம்ல! உங்க தலை தெரிஞ்சதும் 'மணிக்குட்டீ'ன்னு குரல் குடுத்து, எல்லார் வீட்டு பக்கெட்டையும் குடோனுக்குப் பின்னால ஒளிச்சு வெப்போம்லா, அதுல நல்ல கொழுத்த புழுவாப் பார்த்து எடுத்துட்டு வந்திருக்கேன்!"