தெருவிளக்கும் எட்டாவது விதியும்

நகராட்சித் தெருவிளக்குப் பிரிவு எழுத்தருக்கு இரண்டு வேலை. பகலில் கோப்புகளைத் தள்ளிப்போடுவது. மாலையில் அலுவலகத்தை ஃபேஸ்புக்கில் வெளுத்து வாங்குவது. இரண்டாவதை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

அதற்கும் வேட்டு வைத்தது ஒரு சுற்றறிக்கை. ஊழியர்கள் அலுவலக விஷயம் பற்றிச் சமூக ஊடகத்தில் மூச்சு விடக்கூடாதாம். நாலு பக்கம். முதல் பக்கத்திலேயே ரத்தம் கொதித்துவிட்டதால், மற்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு நகலோடு வீட்டுக்கு வந்தார்.

சமையலறை வாசலில் நின்று மனைவியிடம் பொருமினார்.

"என் வாயைக் கட்டிட்டாங்க."

"அப்படியா?" என்றாள் அவள், நறுக்குகிற வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எப்படிக் கட்டினாங்கன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க."

"கேலி பண்ணாதே. சட்டம் ஊழியருக்குத்தான், ஊழியர் பொண்டாட்டிக்கு இல்லை. நான் சொல்லச் சொல்ல, நீ உன் பேர்ல போடு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பேப்பரைக் குடுங்க." நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். "சரி, போட்டுடலாம்."

முதல் பதிவு, நாலு மாதமாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த அலுவலக லிஃப்டைப் பற்றி. ஒரே வாரத்தில் லிஃப்ட் ஓடியது. எழுத்தர் காரணமே இல்லாமல் ஏழு தடவை மூன்றாம் மாடிக்குப் போய்வந்தார். இனி ஊரே விரல் நுனியில் என்று நினைத்தார். விரல் யாருடையது என்று யோசிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஆணையர் கூப்பிட்டனுப்பி, தன் ஃபோனை நீட்டினார். அதில் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் எழுத்தர். கீழே: 'எங்க தெருமுனை விளக்கு அணைஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. பொறுப்பானவர் எங்கேன்னு தேட வேண்டாம். எங்க வீட்டு சோபாவிலதான் இருக்காரு.'

"இதை நீங்க போட்டீங்களா?"

"சத்தியமா இல்லை சார்."

"அப்போ நீங்க விதியை மீறலை. சந்தோஷம். மூணு நாள் டைம். விளக்கைக் குடுங்க, இல்லைன்னா விளக்கம் குடுங்க."

எழுத்தர் வீட்டுக்குப் பாய்ந்து வந்தார்.

"முதல்ல அந்தப் பதிவை எடு."

"எடுக்கச் சொல்லக் கூடாதே."

"யாரு சொன்னது?"

"எட்டாவது விதி. பொதுமக்கள் போடுற புகாரை நீக்கச் சொல்லி எந்த ஊழியரும் வற்புறுத்தக் கூடாது. நாலாம் பக்கம். கீழே உங்க கையெழுத்து."

"நீ பொதுமக்களா?"

"ரெண்டு மாசமா இருட்டுல தட்டுத்தடுமாறி வர்றேன். வேற யாராம்?"

"என்கிட்ட வீட்டுலயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். பதினாலு தடவை. வீட்டுல சொன்னா 'பார்க்கலாம்'ங்கிறீங்க. ஃபேஸ்புக்ல சொன்னாத்தான் பார்க்கிறீங்க."

எழுத்தருக்கு வாயடைத்துப்போனது. இந்தத் தடவை பழியைச் சுற்றறிக்கைமேல் போட முடியவில்லை.

மறுநாள் மாலை லைன்மேன் ஏணியில் ஏற, எழுத்தர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பளிச்சென்று விளக்கு எரிந்தது. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். என்ன இருந்தாலும் நம்ம வேலை என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மனைவி ஃபோனோடு வந்தாள்.

"கொஞ்சம் சிரிங்க."

சிரித்தார்.

படத்துக்குக் கீழே ஒரே வரி போட்டாள்: 'நல்லவருதான். நாலு பேர் முன்னாடி சொல்லணும்.'

அரை மணி நேரத்தில் முந்நூறு லைக். முதல் லைக் ஆணையரின் மனைவியுடையது.