கள்ளுக்கடை வரை ஒரு நல்ல பாதை

ஊருக்கு உழைப்பது என்று மான்சிக் திடீரென்று முடிவு செய்தான். சியோல் நகரத்து மலைச்சரிவில் அவர்கள் சந்து முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்தது. அடுப்பில் எரிந்து வெளுத்த கரிக்கட்டிகளை உடைத்து, வழுக்காமலிருக்க அதன்மேல் தூவப் போகிறானாம். வெந்நீர் வைக்கக்கூட எழுந்திருக்காத மனுஷன்.

விஷயம் வேறு. அடிவாரத்தில் ஒரு கள்ளுக்கடை. அங்கே அரிசிக்கள் அமிர்தம். பனிக்காலத்தில் இன்னும் விசேஷம். வழுக்கலுக்குப் பயந்து மலைமேல் இருக்கும் பெண்டுகளில் ஒருத்தியும் கீழே இறங்கமாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் ஆண்கள் நிம்மதியாகக் குடித்தார்கள். ஏறி வருவதுதான் பாடு. போன வாரம் மான்சிக் விழுந்து இடுப்பைப் பெயர்த்துக்கொண்டு வந்தான்.

எங்கே விழுந்தான் என்று அவன் மனைவி ஒக்பூன் கேட்கவேயில்லை. தைலம் தேய்த்துக்கொண்டே, "வீணாப் போற சாம்பல வழியில போட்டா நாலு பேர் நல்லா இருப்பாங்க" என்றாள். இப்படியொரு வெகுளி யாருக்குக் கிடைப்பாள் என்று அவன் உருகிப்போனான்.

மறுநாளே கூடையைத் தூக்கினான். ஒக்பூன் அக்கம்பக்கத்து வீடுகளிலும் சாம்பல் கேட்டு வாங்கி வந்து குவித்தாள். அவன் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

"என்னங்க, அந்த வளைவோட நிறுத்திட்டீங்க?"

"போதாதா?"

"தொட்டது தொட்டீங்க, கீழ வரைக்கும் போட்டு முடிச்சிடுங்க."

கரும்பு தின்னக் கூலியா என்று கள்ளுக்கடை வாசல் வரை தூவி முடித்தான்.

அன்று மாலை முதல் கிண்ணம் உதட்டுக்குப் போகும்போது கதவு திறந்தது. ஒக்பூன் நின்றாள். அவளுக்குப் பின்னால் மலைமேல் இருக்கும் பெண்கள் அத்தனை பேரும், ஆளுக்கொரு புருஷனைத் தேடிக்கொண்டு. கடையிலிருந்த ஆண்கள் மான்சிக்கைப் பார்த்த பார்வையில் கள் புளித்துப்போயிற்று.

ஒக்பூன் சத்தம் போடவில்லை. அவன் கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் காலி செய்தாள். கையைப் பிடித்து எழுப்பினாள். அந்தச் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க அவனாலேயே முடியவில்லை.

ஏறும்போது மெல்லக் கேட்டான். "உனக்குப் பனின்னா பயமாச்சே?"

"ரொம்பப் பயங்க. அதான் உங்களச் சாம்பல் போட வெச்சேன்."