படம் இல்லேன்னா பறவை இல்ல

பறவையைப் பார்க்க வேண்டுமானால் பெயின்ட் டப்பாவின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் மார்பு வரைக்கும் இருந்தது. சுவரைத் தாண்டிக் கீழே பார்ப்பதற்காக டிரைபாடின் கால்களை முழுக்க நீட்டி, அதன் தலையில் புத்தம்புது ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, அதாவது ஒற்றைக்கண் தொலைநோக்கியைப் பொருத்தியிருந்தார் லிஃப்ட் மெக்கானிக். கண் வைக்கிற பக்கம் மேல்நோக்கி வளைந்த மாடல். அதில் கண் வைக்க ஒட்டகச்சிவிங்கியாகப் பிறந்திருக்க வேண்டும். அதற்கு இனிமேல் வழியில்லை என்பதால் டப்பா.

ஏறினார். கண்ணை வைத்தார். கீழே கழிமுகத்தின் சேற்றுத் திட்டு தெரிந்தது. அதில் உடைந்த பச்சைப் படகு தெரிந்தது. படகுக்குப் பக்கத்தில் சிட்டுக்குருவி அளவில் ஒன்று சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது. அதேதான்! அவசரமாகக் கைபேசியை எடுத்து ஸ்கோப்பின் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். டப்பா சாய்ந்தது.

எடுத்த படத்தில் அவருடைய செருப்பு மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

இத்தனைக்கும் காரணம் மாமனார். பறவை பார்ப்போர் சங்கத்தின் தலைவர். மகளுக்குக் கல்யாணப் பரிசாக பைனாகுலர் கொடுத்தவர் என்றால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். அவர் வாழ்நாள் முழுக்கத் தேடியும் கண்ணில் படாத ஒரே பறவை கரண்டிமூக்கு உள்ளான். மூக்கின் நுனி கரண்டி போலத் தட்டையாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் மற்ற உள்ளான்களைப் போலத்தான் இருக்கும். நேருக்கு நேர் திரும்பினால்தான் கரண்டி தெரியும்.

அந்தப் பறவையைப் போய், லிஃப்ட் மெஷினுக்கு எண்ணெய் போட மாடிக்கு வந்த மருமகன், மனைவியின் அந்த பைனாகுலரில் பார்த்துத் தொலைத்துவிட்டார். பார்த்ததோடு விட்டாரா? சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

"மாமா, நான் கரண்டிமூக்கைப் பாத்தேன்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"படம் இருக்கா மாப்பிள்ளை?"

"படம் எடுக்கல மாமா. ஆனா சத்தியமா..."

"படம் இல்லேன்னா பறவை இல்ல. சங்கத்தோட விதி. உக்காருங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு மெக்கானிக்கின் காதை விட்டுப் போகவில்லை.

"நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்," என்றாள் மனைவி. "அது எங்கப்பாவுக்கும் தெரியணும். ஒரே ஒரு படம் எடுத்துருங்க. அந்தப் பறவை எப்பக் கிளம்பும்?"

"சீசன் முடியப்போகுது. கொஞ்ச நாள்தான் இருக்கும்."

அப்படித்தான் வேலை முடிந்த கையோடு, கம்பெனி யூனிஃபார்மிலேயே, தொப்பியைக்கூடக் கழற்றாமல், அந்த லென்ஸ் கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் ஒரு பெண் தலை நிமிராமல் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில், நாற்காலியில், நீலச்சட்டை போட்ட ஒரு பெரியவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், பறவையைத் தூரத்துல இருந்து போன்ல படம் எடுக்கணும்," என்றார் மெக்கானிக்.

நீலச்சட்டைக்காரரின் முகம் மலர்ந்தது. "டிஜிஸ்கோப்பிங்! ஸ்கோப், அதுக்கு ஒரு ஐபீஸ், அதாவது நாம கண்ணை வைக்கிற பகுதி, அதுல போனை மாட்ட ஒரு அடாப்டர். மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகணும். அதுலதான் எல்லாமே இருக்கு. எங்க பாத்தீங்க? வெளிச்சம் எந்தப் பக்கம்? தூரம் தெரிஞ்சாத்தான் எதையும் சொல்ல முடியும்."

மெக்கானிக் கட்டடம், கழிமுகம், பச்சைப் படகு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நீலச்சட்டைக்காரர் வளைந்த மாடலைக் காட்டினார்.

"என்னைக் கேட்டா இதை எடுங்க. கழுத்து வலிக்காது. போய்ப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு எனக்கு வந்து சொல்லணும். அதுதான் முக்கியம்."

"கண்டிப்பா சார்."

கழுத்து வலிக்கவில்லை. டப்பாவிலிருந்து விழுந்ததில் இடுப்புதான் வலித்தது. மறுநாள் நொண்டிக்கொண்டே கடைக்குப் போனார். நீலச்சட்டைக்காரர் அதே நாற்காலியில் இருந்தார்.

"மேல இருந்து கீழ பாக்கறதுக்கு வளைஞ்சது ஒத்து வரல சார்."

"அப்படியா? அதைத்தான் நானும் சந்தேகப்பட்டேன்," என்றார் அவர் மிகுந்த திருப்தியோடு.

சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று மெக்கானிக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் கடைக்காரர்களிடம் இதையெல்லாம் கேட்க முடியாது. கல்லாப் பெண் மறு பேச்சில்லாமல் வளைந்ததை வாங்கிக்கொண்டு நேர் மாடலைக் கொடுத்தாள்.

"ஜூம் ஐபீஸ் போட்டுக்குங்க," என்றார் நீலச்சட்டைக்காரர். "திருகத் திருகப் பறவை கிட்ட வரும்."

திருகத் திருகப் பறவை கிட்டத்தான் வந்தது. ஆனால் போனை வைத்தால் திரை முழுக்க ஒரே கறுப்பு. நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் பாதிப் பறவை. கிணற்றுக்குள் விழுந்த எதையோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது. படத்தை மனைவியிடம் காட்டினார்.

"இது என்னங்க, வண்டி டயரா?"

மறுபடி கடை. "ஓரம் கறுப்பா வருது சார்."

"எவ்வளவு கறுப்பு? ஜூம் குறைச்சப்ப வந்துச்சா, கூட்டினப்ப வந்துச்சா?"

"ரெண்டுலயும் வந்துச்சு."

"பேஷ்!" என்று தொடையில் தட்டினார் நீலச்சட்டைக்காரர். "அப்ப ஜூம் வேண்டாம். அகலமாக் காட்டற ஐபீஸ் இருக்கு. திருகறதுக்கு ஒண்ணுமில்ல, ஒரே அளவு. அதைப் பாத்துட்டு வாங்க."

வாடிக்கையாளர் மேல் இவ்வளவு அக்கறை உள்ள மனிதரை மெக்கானிக் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. டீ வாங்கிவந்து கொடுத்தார். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே குடித்தார். மெக்கானிக் மரியாதையாக நின்றுகொண்டே குடித்தார்.

அகல ஐபீஸில் திரை முழுக்கச் சேறு பளிச்சென்று வந்தது. ஆனால் ஐபீஸ் தடிமன். ஜூம் ஐபீஸோடு வாங்கிய அடாப்டர் அதன் கழுத்தில் ஏறவில்லை. பெரிய அடாப்டர் வாங்கினார். அது ஏறியது. அதன் கனத்தோடு போனும் சேர்ந்து உட்கார, ஸ்கோப்பின் வால் இறங்கி மூக்கு மெல்ல மெல்ல வானத்தைப் பார்த்தது. அன்றைக்கு அவர் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் மேகம். நல்ல மேகங்கள்தான்.

ஆனால் இது அவருடைய துறை. ஒரு பக்கம் ஆள் ஏறினால் மறுபக்கம் எடை கட்ட வேண்டும் என்பது லிஃப்ட்டின் பாலபாடம். பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்து ஸ்கோப்பின் மூக்கில் கட்டித் தொங்கவிட்டார். ஸ்கோப் அடங்கி உட்கார்ந்தது. திரையில் பச்சைப் படகும் பறவையும் தெளிவாக நின்றன.

ஐந்து விநாடிதான். அதற்குள் பறவை நடுங்கத் தொடங்கியது. படகு நடுங்கியது. கழிமுகமே நடுங்கியது. பின்னால் இருந்த மெஷின் அறையில் லிஃப்ட் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காலுக்குத் தெரியாத அந்த அதிர்வு, ஸ்கோப்பில் பல மடங்காகப் பெருகி, பறவையை ஆட்டி வைத்தது. மோட்டார் நின்றால் பறவை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நான்காவது மாடியில் யாருக்கோ கீழே போக வேண்டியிருந்தால் பறவை மறுபடி நடுங்கியது.

கடைக்கு ஓடினார்.

"எல்லாம் சரியாயிருச்சு சார். லிஃப்ட் ஓடறப்ப மட்டும்தான் ஆடுது."

நீலச்சட்டைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்ப நேர் ஸ்கோப், அகல ஐபீஸ், பெரிய அடாப்டர், மூணும் சரி?"

"சரி சார். முன்னாடி ஸ்பேனர் கட்டணும்."

"லிஃப்ட் இல்லாத இடத்துல வெச்சா ஆடாது?"

"தரையில வெச்சா ஆடவே ஆடாது. ஆனா கீழ அந்தச் சேத்தங்கரையில நடக்கணுமே. நமக்கு மாடிதான் வசதி."

அவர் மெக்கானிக்கின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, எனக்கு இன்னைக்குத்தான் நிம்மதி." கண் கலங்கியிருந்தது. மெக்கானிக் வீட்டுக்கு வந்ததும் மாமனாருக்குப் போன் செய்தார்.

"மாமா, நாளைக்குப் பத்து மணிக்கு என் பில்டிங் மொட்டை மாடிக்கு வாங்க. கரண்டிமூக்கைக் காட்டறேன்."

"நிஜமாவா மாப்பிள்ளை?" என்று கேட்ட குரல் சங்கத் தலைவரின் குரலாக இல்லை. பொம்மைக் கடை வாசலில் நிற்கும் சின்னப் பையனின் குரலாக இருந்தது. எப்பாடு பட்டாவது இந்த மனிதருக்கு அதைக் காட்டிவிட வேண்டும் என்று மெக்கானிக்குக் கொள்ளை ஆசை வந்தது.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று போர்டு மாட்டினார். வாட்ச்மேனிடம், "பத்து மணி வரைக்கும் யாரும் ஏறக் கூடாது," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். பறவை படகுக்குப் பக்கத்திலேயே நின்றது. பக்கவாட்டில்தான். ஆனால் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

பறவை நடுங்கியது.

"போர்டைப் படிக்காத ஜென்மம் எதுவோ ஏறியிருக்கு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெஷின் அறைக்கு ஓடி ஸ்விட்சை இறக்கினார். "கொஞ்ச நேரம் உள்ளேயே நிக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும்."

திரும்பி ஓடிவந்தார். திரையில் துளி ஆட்டமில்லை. பறவை முழுசாகத் திரும்பி நேருக்கு நேர் பார்த்தது. மூக்கின் நுனியில் கரண்டி! விரலைத் திரையில் வைக்கப் போனார்.

பறவை மறைந்து, அந்த இடத்தில் 'மாமா' என்று எழுத்து வந்தது. போன் அலறியது.

வெட்டினார். கரண்டி தெரிந்தது. மறுபடி 'மாமா'. மாமனார் அழைப்பை ஒருமுறை வெட்டுவதே பெரிய காரியம். இரண்டாவது முறையும் வெட்டினார். மூன்றாவது முறை அவசரத்தில் தவறிப்போய் எடுத்துவிட்டார்.

"மாப்பிள்ளை!" என்று ஸ்கோப்பிலிருந்து குரல் வந்தது. "உங்க லிஃப்ட்ல நான் மாட்டிக்கிட்டு நிக்கறேன்! வாட்ச்மேன் போக வேண்டாம்னுதான் சொன்னான். என் மாப்பிள்ளைதான்யா மெக்கானிக்னு சொல்லிட்டுப் பெருமையா ஏறினேன்! லைட்டுகூட இல்ல!"

எங்கே போவதானாலும் அரை மணி நேரம் முன்னால் போய் நிற்கிற மனிதர் என்பதை மெக்கானிக் மறந்துவிட்டிருந்தார். ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் மக்கர் செய்தது. கதவை நெம்பி, ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவிலிருந்து மாமனாரைக் கைகொடுத்துத் தூக்கி, படியேற்றி மாடிக்குக் கொண்டுவந்தபோது சேற்றில் பச்சைப் படகு மட்டும் இருந்தது.

மாமனார் ஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலாம்.

"படகு நல்லாத் தெரியுது மாப்பிள்ளை," என்றார் கடைசியில்.

மெக்கானிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பறவை மேல் கோபப்பட முடியாது, மாமனார் மேல் கோபப்படக் கூடாது. மிச்சம் இருந்தது கடைதான். "வாங்க மாமா. இதை எல்லாம் தலையில கட்டின ஆளை நாலு கேள்வி கேக்கணும்."

கடையில் நாற்காலி காலியாக இருந்தது. கல்லாப் பெண் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அவர் எங்கம்மா? இன்னைக்கு லீவா?"

"எவர் சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் மாமனார் தோளைப் பற்றி உலுக்கினார். கல்லாவுக்கு மேலே இருந்த பெரிய திரையில் ஒரு படம் தெரிந்தது. சேறு. பச்சைப் படகு. அதன் முன்னால், நேருக்கு நேர் பார்த்தபடி, மூக்கின் நுனியில் கரண்டியோடு ஓர் உள்ளான்.

மாமனாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க சொன்ன அதே படகு. நிஜமாவே பாத்திருக்கீங்க மாப்பிள்ளை. என்னை மன்னிச்சிருங்க," என்று மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கல்லாப் பக்கம் திரும்பினார். "யாரும்மா எடுத்தது?"

"எங்க கஸ்டமர் ஒருத்தர் சார். நேத்துத்தான் ஸ்கோப் வாங்கினார். இன்னைக்குக் காலையில கீழ சேத்தங்கரையில உக்காந்து எடுத்தாராம்."

"முதல் நாளே இப்படியா! எந்த ஸ்கோப், எந்த ஐபீஸ்னு எப்படிம்மா அவ்வளவு சரியாத் தேர்ந்தெடுத்தார்?"

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் மெக்கானிக்கின் யூனிஃபார்மை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சார் இவரை வெச்சுக்கிட்டு என்னைக் கேக்கறீங்க, அதோ அந்த நாற்காலியில நீலச்சட்டை போட்டுக்கிட்டு ஒரு வருஷமா எதை வாங்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தாரே, அவர்தான் ஒவ்வொண்ணையும் எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றதுக்குன்னே இவரைச் சம்பளத்துக்கு வெச்சிருக்கார்னுல்ல நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம்!"