மச்சினன் ரத்தமும் என் குதிகாலும்

கண்டக்டர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சிக்கலாக இருந்தாலும் ஆளை மாற்றி உட்கார வைத்தால் தீர்ந்துவிடும் என்று நம்புவோம். பஸ்ஸுக்குள் அது பலிக்கும். ஆஸ்பத்திரியில் பலிக்காது என்பதை நான் குப்புறப் படுத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக வேப்பந்தட்டை போகும் தனியார் பஸ்ஸில் எனக்கு வேலை. வருடக்கணக்கில் நின்றே சம்பாதித்ததில் வலது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநார் நைந்துபோய்விட்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் உயிர் போகும். (பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் எல்லாச் சாமியும் வரிசையாக வாயில் வந்துவிடும்.) தைலம், கட்டு, மாத்திரை எதற்கும் கேட்கவில்லை. நான் நொண்டுவதைப் பார்த்த முதலாளி, "பேசாம ஆபீஸ்ல உக்காந்து கணக்கு எழுதுப்பா" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் யாரையும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று விரட்டாமல் ஒரு முழுநாளை என்னால் கழிக்க முடியாது. அந்த பஸ் போனால் நானும் போனேன்.

பெரம்பலூரில் ஒரு எலும்பு டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு வழி சொன்னார். "அந்த எடத்துல ரத்த ஓட்டம் கம்மிங்க. அதான் ஆற மாட்டேங்குது. ஒங்க கையில ரத்தம் எடுத்து மெஷின்ல சுத்த விட்டா, காயம் ஆத்துற தட்டணுக்கள் தனியா சேரும். அத நைஞ்ச எடத்துலயே ஊசியா போடுவோம். செல பேருக்கு நல்லா கேக்கும், செல பேருக்குக் கேக்காது. பாப்போம்."

அந்தக் 'கேக்காது'தான் என் மூளையைக் கெடுத்தது. கேட்காத அந்தச் சில பேர் யார்? என்னைப் போல டீயையும் பரோட்டாவையும் ரத்தமாக்கி வைத்திருப்பவர்கள்தானே! இந்தக் காலைக் கெடுத்த ரத்தத்தையே இந்தக் காலுக்குப் போட்டால் உருப்படுமா? அப்போதுதான் என் மனைவி செல்வியின் தம்பி முருகேசன் ஞாபகத்துக்கு வந்தான். கபடி ஆடுகிறவன். எறையூர்ப் பக்கம் கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறவன். ரத்தம் என்றால் அதுவல்லவா ரத்தம்!

விஷயத்தைச் சொன்னதும் அவன் நெஞ்சை நிமிர்த்தினான். "எங்கக்காவையே குடுத்துட்டோம் மாமா. ரத்தம் குடுக்க மாட்டமா?"

"அக்காட்ட மட்டும் சொல்லிடாத மாப்ளே."

"ச்சே, நான் ஏன் சொல்லப்போறேன்?"

ஊசி போடும் நாளில் துணைக்கு வருவதுபோல வந்த முருகேசனோடு செல்வியும் வந்தாள். அவளை டீ வாங்கி வர அனுப்பிவிட்டேன். ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். "நாந்தாங்க" என்று கையைத் தூக்கிக்கொண்டு முருகேசன் உள்ளே போனான். நான் சுவரோரம் நின்று, அதிக ஆளை ஏற்றிக்கொண்டு செக்கிங்கைத் தாண்டிவிட்டவன் போலச் சிரித்துக்கொண்டிருந்தேன். (அப்போதே யாராவது ஓர் அறை விட்டிருக்கலாம்.)

கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே அழைத்துக் குப்புறப் படுக்க வைத்தார்கள். டாக்டர் குதிகாலைத் துடைத்தார். சிரிஞ்சில் மஞ்சளாக என்னவோ இருந்தது. 'மச்சினன் ரத்தம் தங்கமால்ல இருக்கு!' என்று பூரித்துப்போனேன்.

வெளியே செல்வியின் குரல் கேட்டது.

"ஏன்டா, கைய எதுக்கு மடக்கி வச்சிருக்க? அது என்ன பஞ்சு?"

"ஒண்ணுமில்லக்கா."

"டேய்!"

அந்த ஒரு 'டேய்'க்குக் கபடி வீரன் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கக்கிவிட்டான். கதவு படாரென்று திறந்தது.

"டாக்டர்! போட்டுடாதீங்க! அது இவரு ரத்தம் இல்ல, எந்தம்பி ரத்தம்!"

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. "ஒங்க ரத்தம் என்ன குரூப்பு?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாதுங்க."

"அவரோடது?"

"அதுவும் தெரியாதுங்க."

"ஏங்க, ஒங்க ரத்தம் ஒங்களுக்கே போறதாலதான் இது பயமில்லாத வைத்தியம். அடுத்தவங்களோடது உள்ள போனா ஒடம்பு ஏத்துக்காது, அவங்க நோயும் ஒட்டிக்கலாம். இந்நேரம் வேற வெனையா முடிஞ்சிருக்கும்!" என்று கத்திவிட்டு, சிரிஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

செல்வி அழுதுகொண்டே திட்டினாள். "ஆபீஸ்ல உக்காந்தா என்ன கொறஞ்சா போயிடுவீங்க? நீங்க எனக்கு முழுசா வேணுங்க!" கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. குப்புறப் படுத்திருந்ததால் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை.

பிறகு என் கையிலேயே ரத்தம் எடுத்து, சுற்றி, ஊசி போட்டார்கள். அதுவும் மஞ்சளாகத்தான் இருந்தது. வலி பிராணனை வாங்கியது. ஆனால் ஐயோ என்று கத்தும் தகுதி எனக்கு ஏது? ஓய்வு, படிக்கட்டில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி என்று மாதங்கள் ஓடின. மெல்ல மெல்லக் கேட்டது. டீயும் பரோட்டாவும் ஓடிய ரத்தம் என்னைக் கைவிடவில்லை. மறுபடி விசிலோடு படியில் ஏறிய அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. முருகேசன் என் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க மாட்டான்.

"ரத்தம் குடுத்தவன்ட்ட டிக்கெட் கேப்பீங்களா மாமா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்துவான்.

"அதத்தான் டாக்டர் குப்பையில போட்டுட்டாரே மாப்ளே!"

"போட்டது அவரு. குடுத்தது நானு."

தினமும் வருகிறவர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். அவன் ஏறும்போதே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். என் காசில் அவனுக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சிரிக்கிற கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்படி வரைக்கும் நடந்து போவேன், நொண்டாமல்.