பதினேழாவது வார்டு கரடியின் லோகோ

ஒரு காட்டில், பதினேழாவது வார்டில், ஒரு பள்ளம் இருந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் சாலையும் இருந்தது.

அந்தச் சாலை வழியாகத்தான் முத்துப்பேச்சி என்ற முயல் தன் ஏழு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வந்தாள். காலையில் ஏழு பேர் கிளம்புவார்கள். வகுப்பில் ஆறு பேர்தான் ‘உள்ளேன் ஐயா’ சொல்வார்கள். ஏழாவது ஆள் பள்ளத்துக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருப்பான். நல்லவேளையாகப் பிள்ளைகள் முறை வைத்து விழுந்ததால், யாருக்கும் ஒரே பாடம் தொடர்ந்து விட்டுப்போகவில்லை.

தேர்தல் வந்தது. தேன்மொழி என்ற கரடி பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் கவுன்சிலர் ஆனாள். நல்ல மனசுக்காரி. யார் கஷ்டம் சொன்னாலும் கண் கலங்கிவிடுவாள். கலங்கி முடித்ததும் சாப்பிடப் போய்விடுவாள். பாறை இடுக்கில் அலுவலகம் திறந்தாள். உதவியாளராகத் தவசி என்ற கொக்கு. மனு வாங்கப் பாக்கியம் என்ற ஆமை.

முதல் மனுவே முத்துப்பேச்சியுடையது. தேன்மொழி படித்தாள், கண் கலங்கினாள்.

“நாலு கூடை மண்ணு போதுமேம்மா. நாளைக்கே கொட்டிடலாம்,” என்றாள்.

முத்துப்பேச்சி கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் தலை மறைந்ததும் தவசி ஒற்றைக்காலை மாற்றி ஊன்றினான்.

“கொட்டலாம் மேடம். ஆனா நாமதான் கொட்டினோம்னு ஜனத்துக்கு எப்படித் தெரியும்?”

“பார்த்தா தெரியாதா?”

“பக்கத்து வார்டுல போய்ப் பாருங்க. ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே கலர் சட்டை. லெட்டர் பேடு, பேனர், டீ கிளாஸ், எல்லாத்துலயும் ஒரே லோகோ. அவங்க அடிக்கிற கொசு மருந்துப் புகையே ஒரு தினுசா இருக்கு. நம்மளப் பாருங்க. நீங்க கறுப்பு, நான் வெள்ளை, பாக்கியம் அக்கா சேறு. மூணு பேரும் சேர்ந்து நின்னா கவுன்சிலர் டீம் மாதிரியா இருக்கு? பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு.”

தேன்மொழிக்கு வெட்கமாகிவிட்டது. “சரி, முதல்ல அதைப் பார்ப்போம். பள்ளம் எங்க ஓடிடப்போகுது?”

டிசைனராக வர்ணவேல் என்ற பச்சோந்தி வந்தான். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. “நான்தான் சாம்பிள்,” என்று சொல்லி ஓர் இலைமேல் ஏறி உட்கார்ந்தான். அருமையான பச்சை. மூன்று பேருக்கும் பிடித்துப்போய்க் கையெழுத்தும் போட்டார்கள். வர்ணவேல் அச்சகத்துக்குப் போகிற வழியில் ஒரு செம்மண் மேட்டில் கொஞ்சம் இளைப்பாறினான். படிவமெல்லாம் செம்மண் நிறத்தில் அச்சாகி வந்தது.

லோகோ என்று வட்டத்துக்குள் தேன்மொழியின் முகத்தை வரைந்தான். வாய் நிறையச் சிரிப்பு. சுற்றிலும் எழுத அவளே ஒரு வாசகம் சொன்னாள்: “மக்களைக் கைவிடேன் – கரடி.”

“இடம் பத்தாது மேடம். ‘மக்களை’ எடுத்துடலாம்.”

“எடுத்துடு. ஆனா ‘கை’ன்னு இருக்கே, எனக்கு ஏது கை? நாலும் காலுதானே! ஜனங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது.”

‘கை’யும் போயிற்று. கடைசியில் வட்டத்தில் மிஞ்சியது: “விடேன் கரடி!”

“இதைப் படிச்சா...” என்று பாக்கியம் ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நானூறு பேனர் கட்டி முடித்துவிட்டார்கள்.

பத்து நாள் பொறுத்து முத்துப்பேச்சி வந்தாள். “அம்மா, அந்த மண்ணு...”

“உன் மனு செல்லாது தாயி,” என்றாள் பாக்கியம். “வெறும் வெள்ளைத்தாள்ல எழுதியிருக்க. லோகோ போட்ட படிவத்துல எழுதிக் கொண்டா.”

முத்துப்பேச்சி படிவத்தை வாங்கிப்போய் எழுதி, மறுவாரம் கொண்டுவந்தாள்.

“இது செம்மண் கலர். இப்ப ஆரஞ்சுதான் செல்லும்.”

“போன வாரம் நீங்கதானக்கா குடுத்தீங்க?”

“நான்தான் குடுத்தேன். அதுக்குள்ள அந்தப் பய புரசம்பூ மேல ஏறிட்டானே!”

ஆரஞ்சுப் படிவத்தோடு வந்தபோது வர்ணவேல் சாம்பல் நிறத்தில் இருந்தான்.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளம் வளர்ந்தது. இப்போது நாளுக்கு இரண்டு பிள்ளைகள் விழுந்தார்கள். கடைக்குட்டி சேற்றுத் தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்த முத்துப்பேச்சிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேரே அச்சகத்துக்குப் போய், பின்பக்கம் கிடந்த மிச்சப் பெயிண்டை எல்லாம் வழித்து எடுத்து வந்தாள். பள்ளத்தைச் சுற்றி இரண்டு கண், ஒரு மூக்கு, இரண்டு காது. பள்ளம்தான் வாய். தலைக்கு மேலே ஆறு எழுத்தும் தப்பில்லாமல் எழுதினாள்: “விடேன் கரடி!”

காடே கூடிச் சிரித்தது. குரங்குகள் வாய்க்குள் இறங்கி நின்று செல்ஃபி எடுத்தன. சேதி கேட்டு அலுவலகமே ஓடி வந்தது. பாக்கியம் மட்டும் மறுநாள் வந்து சேர்ந்தாள்.

“மானம் போச்சு மேடம்!” என்றான் தவசி. “இப்பவே மூடிடலாம்!”

தேன்மொழியின் கண் கலங்கியது. “என் தப்புதான் பேச்சி. புள்ளைங்க விழற இடத்துல பேனர் கட்டிக்கிட்டு இருந்துட்டேன்.” சொல்லிவிட்டுத் தானே கூடையைத் தலையில் தூக்கினாள். முத்துப்பேச்சிக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

“நிறுத்துங்க!” வர்ணவேல் மூச்சிரைக்க ஓடி வந்தான். “வாயை மூடினா அது நம்ம லோகோவே இல்ல மேடம். வாயே திறக்காத கவுன்சிலர்னு ஊர் பேசும். பரவாயில்லையா?”

கூடை கீழே இறங்கியது.

வர்ணவேல் தன் வாலை நீட்டி அளந்தான். “முகத்துக்கு வாய் பத்தல. மூணு மடங்கு ஆக்கணும்.”

காட்டுப்பன்றிகள் வந்து அரை நாளில் ஆக்கிக் கொடுத்தன. “ஒரு வேலியாவது போடுங்க சாமி,” என்று முத்துப்பேச்சி கெஞ்சினாள். “வேலி போட்டா முகம் மறைஞ்சிடுமேம்மா,” என்றான் தவசி.

மறுநாள் காய்ச்சல்காரியைத் தவிர மற்ற ஆறு பேரும் ஒன்றாக விழுந்தார்கள். அதற்கடுத்த நாள் காய்ச்சல் விட்டு அவளும் சேர்ந்துகொண்டாள். ‘பெத்த பிள்ளைகளுக்கு நானே குழி வெட்டிட்டேனே’ என்று முத்துப்பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் கொம்பையா என்ற காட்டெருமை வந்தார். காட்டு மாநகராட்சியில் பெரிய அதிகாரி. எந்த வார்டு அலுவலகம் பார்வைக்கு லட்சணமாக இருக்கிறது என்று பார்த்து விருது கொடுக்க வந்திருந்தார். அலுவலகத்து மூன்று பேரும் ஒரே நிறச் சட்டையில் சாலையோரம் வரிசையாக நின்றார்கள். அவருக்குத் திருப்தி. நானூறு பேனரையும் அண்ணாந்து பார்த்தார். ரொம்பத் திருப்தி. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டும் என்று ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி. இன்னும் ஓரடி.

தொப்.

அளவெடுத்துத் தைத்தது போல் உட்கார்ந்துவிட்டார். முதுகு சாலையோடு சமமாக இருந்தது. முன்பக்க விளிம்பில் இரண்டு கொம்பு மட்டும் தெரிந்தது.

தவசி மெதுவாகக் குனிந்தான். “சார்... விருது?”

“குடுத்தாச்சுய்யா. தூக்கித் தொலைங்க!”

காட்டுக்கொடியைக் கட்டி இழுத்தார்கள். அசையவில்லை. யானையைக் கூப்பிடலாம் என்றாள் தேன்மொழி. “யானை மிதிச்சா பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்?” என்று வர்ணவேல் குறுக்கே படுத்துவிட்டான். மேலும், கொம்பு வந்த பிறகு வாயில் பல் முளைத்தது போல லோகோ முன்னைவிட எடுப்பாக இருக்கிறது என்றும் சொன்னான். பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. கொம்பையாவின் கோப்புகளைப் பள்ளத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் கண்ணை மூடிச் சாய்ந்து பார்த்தார். நிழலாக இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது. மேலதிகாரி யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இருபது வருட சர்வீஸில் இப்படி ஓர் இருக்கை வாய்த்ததில்லை என்று தோன்றியதும் கத்துவதை விட்டுவிட்டார்.

நாலாம் நாள் காலை முத்துப்பேச்சி பிள்ளைகளோடு வந்து விளிம்பில் நின்றாள். மூத்தவன் ஒரு காலை நீட்டித் தொட்டுப் பார்த்தான். கெட்டியாக இருந்தது.

“சார், தாண்டிப் போகலாமா?”

“போங்க, போங்க,” என்றார் கொம்பையா கோப்பிலிருந்து தலை தூக்காமல். “குதிக்காம போங்க.”

ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் கடந்து போனார்கள். கடைக்குட்டி மட்டும் நடுவில் ஒரு குதி குதித்தாள். சாயங்காலம் ஏழு பேரும் காயம் படாமல், நனையாமல், எல்லாப் பாடத்தோடும் திரும்பி வந்தார்கள். முத்துப்பேச்சி ஒரு கட்டு அருகம்புல்லை அதிகாரியின் கொம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெகுநாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

நீதி: சாலையில் பள்ளம் இருந்தால் மண்ணுக்கு அலையாதே, சரியான அளவில் ஓர் அதிகாரி வரும்வரை பொறுத்திரு.