அடுப்படிக்கு வெளிச்சம் கொடுத்த கதை

கொட்டகையைத் தர மாட்டேன் என்று சொன்னேன். சொன்ன சொல்லில் இன்றுவரை நிற்கிறேன். எங்கே நிற்கிறேன் என்பதில்தான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டின் பின்னால், தேயிலைச் சரிவு தொடங்கும் முன், ஒரு துண்டு சமநிலம் உண்டு. அதில் நான் போட்ட கொட்டகை. தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற மனிதனுக்கு உலகத்தில் மிஞ்சிய ஒரே ராஜ்ஜியம். ஒரு கேரம் பலகை, இரண்டு நாற்காலி. ஒன்றில் நான். மற்றதில் பக்கத்து வீட்டு தங்கராஜு, காய்கறி லோரி ஓட்டுகிறவன்.

அந்த ராஜ்ஜியத்தின் மேல்தான் என் மனைவி நீலாவதி கண் வைத்தாள்.

“என்னங்க, கொட்டகைய பிரிச்சுட்டு எனக்கு ஒரு பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் குடுங்க. ஸ்ட்ராபெரி கன்னு வளக்கணும். கியா பார்ம் சந்தையில என் தங்கச்சி மக நளினி கடையில வச்சா, டூரிஸ்ட்டு தொட்டியோட தூக்கிட்டுப் போயிடுவான்.”

“முடியாது.”

“வெளிய வச்சா மழையில அழுகிப் போயிடும்லா.”

“அழுகட்டும். துரையே வந்து கேட்டாலும் இந்தக் கொட்டகையில ஒரு குச்சி அசையாது.”

“சரிங்க” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அந்தச் சொல் வந்ததே இல்லை. கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் மடையன், வெற்றிக் களிப்பில் பாயசம் கேட்டேன். அதையும் வைத்துக் கொடுத்தாள்!

அடுத்த வாரம் அடுப்படி இருட்டாகிவிட்டது. அது கட்டின நாள் முதலே இருட்டுதான், ஆனால் அந்த வாரம்தான் நீலாவதிக்குத் தெரிந்தது. இருட்டு என்றால் சாதாரண இருட்டில்லை. பட்டப்பகலில் எங்கள் பூனை உள்ளே போனால் எலியிடம் வழி கேட்கும். தோட்டத்துக்குப் புதிதாக வந்த மானேஜர் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “இங்கே காளான் வளர்க்கிறீர்களா?” என்று மரியாதையாக விசாரித்தார்.

“நேத்து சாம்பார்ல விழுந்தது கத்திரிக்காயா பல்லியான்னு எனக்கே தெரியலங்க” என்றாள் நீலாவதி.

“நான் சாப்பிட்டேனேடி!”

“அதான் எனக்குக் கவலையா இருக்கு.”

அன்றே முடிவெடுத்தேன். கூரையில் சன்னல் வைப்பது. ரிங்லெட் கடையில் சட்டம் போட்ட கண்ணாடிக்கு விலை கேட்டேன். விலையைச் சொல்லும் முன்பே கடைக்காரர் எனக்கு ஒரு நாற்காலி போட்டார். அனுபவசாலி. உட்கார்ந்து எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“அதுக்கு ஏங்க அவ்வளவு செலவு?” என்றாள். “கம்போங் ராஜாவுல ஒரு தவுக்கே, சீன மொதலாளி, அவரு பழைய பண்ணையப் பிரிக்கிறாராம். கூடாரத்து மேல போட்ட பிளாஸ்டிக் தகடு, கண்ணாடி மாதிரி இருக்குமாம். சும்மாவே குடுக்கிறாராம்.”

“ரெண்டு தகடு போதுமா?”

“உங்களுக்குத் தெரியாததா? உங்க இஷ்டம்லா.”

சும்மா கிடைப்பதில் இரண்டோடு நிறுத்த நான் என்ன கோடீஸ்வரனா? தங்கராஜுவின் லோரி முனகுகிற வரைக்கும் ஏற்றினேன். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் அனுமதி கேட்டேன். “ஒழுகினா என்கிட்ட வராத” என்றார். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினேன். தகரத்தைக் கழற்றக் கழற்ற எனக்கு வேகம் வந்துவிட்டது.

கீழே நின்று நீலாவதி குரல் கொடுத்தாள். “கிழக்கால இன்னும் ரெண்டு போடுங்க. காலை வெயில் நேரா விழட்டும்.”

“சமையலுக்கு எதுக்குடி காலை வெயில்?”

“தோசை நல்லா வரும்.”

நம்பினேன். தோசைக்கும் சூரியனுக்கும் என்ன உறவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லையே!

மறுநாள் பனி விலகியது. சூரியன் எங்கள் அடுப்படிக்கே குடிவந்துவிட்டது. மலை முழுக்க சுவெட்டர் போட்டு நடுங்க, நான் பனியனோடு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தோசை தின்றேன். லயத்துக்கே கேட்கும்படி பெருமையடித்துவிட்டு முடிவெட்டிக்கொள்ள ரிங்லெட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் அடுப்படியில் அடுப்பைக் காணோம்.

அடுப்பு இருந்த இடத்தில் ஸ்ட்ராபெரி. மிளகாய்த்தூள் டப்பா இருந்த பலகையில் ஸ்ட்ராபெரி. என் காபி டம்ளரில்கூட ஒரு கன்று கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. தாளிக்கிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

கொட்டகைக்கு ஓடினேன்.

உள்ளே அடுப்பு எரிகிறது. என் கேரம் பலகை மேல் நீலாவதி பீன்ஸ் நறுக்குகிறாள். என் நாற்காலியில் தங்கராஜு உட்கார்ந்து, என் ஸ்ட்ரைக்கரால் பூண்டு நசுக்குகிறான்.

“என்னடி இது அநியாயம்!”

“அந்த வெக்கையில மனுசி நின்னு சமைக்க முடியுமா? நீங்களே பனியனோடதான உக்காந்திருந்தீங்க?”

“கொட்டகைய தர மாட்டேன்னு சொன்னேன்ல!”

“யாரு கேட்டா? ஒரு குச்சி அசைஞ்சிருக்கான்னு பாருங்க. நீங்கதான் எனக்குக் கூடாரம் போட்டுக் குடுத்திட்டீங்களே. நான் கேட்டதவிடப் பெருசா.”

“டேய் தங்கராஜு! உனக்கு முன்னாடியே தெரியுமாடா?”

“எனக்கு என்னண்ணே தெரியும்? அண்ணி தவுக்கேகிட்ட தகடு கேக்கச் சொன்னாங்க, கேட்டேன். பூண்டு நசுக்கச் சொன்னாங்க, நசுக்கறேன்.”

“இப்பவே ஏறி எல்லாத் தகட்டையும் பிடுங்கி எறியறேன். பழைய தகரம் எங்கடி?”

“பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாச்சு. தொட்டியெல்லாம் வேற எப்படி வாங்கினேன்னு நெனச்சீங்க?”

அவள் பீன்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்ன, இங்க கொஞ்சம் இருட்டா இருக்குங்க. கத்திரிக்காயா பல்லியான்னு தெரியல. ரெண்டு தகடு மிச்சம் கிடக்கு.”

கொட்டகைக் கூரையில் ஏணியை முன்பே சாத்தி வைத்திருந்தாள். சொன்ன சொல்லில் இப்போதும் நிற்கிறேன், ஏணியின் மேல்படியில்.